நரம்பு, தந்தி, அஞ்சல்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு நேர்வழியில் போகிற எதுவும் மதுக்கரையைத் தொட்டுத்தான் போக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தன் நெடும் மதிலில் விட்டிருக்கும் பெரிய வாசலான கணவாய் இது. தெற்கே ஆனைமலை, வடக்கே நீலகிரியை நோக்கி ஏறும் குன்றுகள், நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்த வெளி. ஆனி, ஆடியில் காற்றும் சாரலும் இந்த வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் நுழைகின்றன. மேலைக்கடல் வணிகம் வந்ததும் இந்த வழியில்தான். பக்கத்து வெள்ளலூரில் மண்ணுக்குள்ளிருந்து குவியலாகக் கிடைத்த ரோமானியக் காசுகள் அதற்குச் சாட்சி. 1862இல் பட்டாம்பியிலிருந்து போத்தனூர் வரை ரயில் பாதை திறக்கப்பட்டு, சென்னை மலபார்க் கடற்கரையோடு இணைந்தது. பாதை போகுமிடமெல்லாம் தந்திக் கம்பமும் கூடவே போவது அக்கால வழக்கம். ஆக, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கணவாயில் சேதி போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று காலால் ஓடுவது, மற்றொன்று கம்பியில் பாய்வது. அந்த இரண்டையும் அருகருகே வைத்து ஒரு கேள்வி கேட்கலாம். உடம்புக்குள் நரம்பு வழியே போகும் சேதி இவற்றில் எதைப் போன்றது?

கேட்டவுடன் வரும் பதில் தந்தி. பள்ளிப் பாடநூல் தொட்டு மருத்துவமனைச் சுவரொட்டி வரை, நரம்பை மின்கம்பியாகத்தான் வரைகிறார்கள். தமிழில் இந்தப் பதிலுக்குச் சொல்லின் ஆதரவும் இருக்கிறது. நரம்பு என்பது யாழில் கட்டிய நரம்பையும் குறிக்கும். சங்கப் பாட்டுகளில் அது விரல் பட்டு அதிரும் பொருள். தந்தி என்பதும் வீணையின் கம்பிதான், வடமொழி வழியாக வந்தது. மின்சாரச் சேதி வந்தபோது அதைக் கொண்டுவந்த கம்பியின் பேரையே சேதிக்கும் வைத்து, ‘தந்தி வந்திருக்கிறது’ என்று சொல்லப் பழகினோம். யாரும் உட்கார்ந்து திட்டமிடாமலே உடம்பின் நரம்புக்கும் தபாலாபீஸ் தந்திக்கும் இசைக்கருவிக் கம்பியின் பேர் பொதுவாக அமைந்துவிட்டது. ஒரு முனையைச் சுண்டினால் மறுமுனை அதிரும் என்கிற சித்திரம் அந்த இரு சொற்களுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. அழகான பொருத்தம்தான், ஆனால் தவறான பொருத்தம். நரம்புச் சேதியின் இயல்பைச் சரியாகச் சொல்லும் சொல் தமிழில் வேறொன்று உண்டு. அது அஞ்சல். நரம்பைப் பற்றிய அறிவியலின் நூறாண்டு வரலாறே, தந்தி என்ற நினைப்பிலிருந்து அஞ்சல் என்ற உண்மைக்கு மெல்ல மெல்ல நகர்ந்த வரலாறு என்பது என் வாதம்.

இன்று அஞ்சல் என்றால் அஞ்சலகம், அஞ்சல்தலை. ஆனால் அந்தச் சொல்லின் உயிர் கடிதத்தில் இல்லை, கைமாறுவதில் இருக்கிறது. இலங்கைத் தமிழர் பள்ளி விளையாட்டுப் போட்டியில் கோலைக் கைமாற்றி ஓடும் பந்தயத்தை அஞ்சலோட்டம் என்கிறார்கள். வானொலியில் ஒரு நிலையத்தின் ஒலிபரப்பை இன்னொரு நிலையம் வாங்கித் தன் சொந்த வலுவில் மறுபடி பரப்பினால் அதை ‘அஞ்சல் செய்தல்’ என்றார்கள். ஒருவன் ஓடிக் களைத்து நிற்கும் இடத்தில் இன்னொருவன் புதுக் காலோடு தொடங்குகிறான். சேதி எத்தனை தூரம் போனாலும் அதைச் சுமக்கும் கால் களைத்த காலாக இருப்பதில்லை. திருவிதாங்கூர், கொச்சி அரசுகள் தங்கள் தபால் துறைக்கே அஞ்சல் என்றுதான் பேர் வைத்திருந்தன. மணி கட்டிய தடியோடு அஞ்சல்காரன் ஓடி வந்தால் வழிப்போக்கர் ஒதுங்கி வழிவிட வேண்டும். 1951இல் அவை இந்தியத் தபால் துறையோடு சேரும்வரை அந்த ஏற்பாடு தனியாகவே இயங்கியது. கொச்சி அரசின் சித்தூர் வட்டம் மதுக்கரைக்குத் தென்மேற்கே, மாவட்ட எல்லையை ஒட்டிக் கிடந்தது. எனவே அஞ்சல் என்ற சொல்லும் கும்பினியார் கொண்டுவந்த தபால் என்ற சொல்லும் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருந்த எல்லைகளில் இந்தக் கணவாயும் ஒன்று. பேர் வேறானாலும் வேலை ஒன்றுதான். இரண்டு பக்கமும் ஓட்டக்காரர்கள், இரண்டு பக்கமும் கைமாற்றம்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகக் கூர்மையான வருணனை 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபின் பதூதாவுடையது. மலபார்க் கரையில் அலைந்தவர், மதுரைச் சுல்தான் கியாசுதீன் தம்கானிக்குச் சகலை முறை ஆனவர், ஆகவே நம் பக்கத்துக்கும் அந்நியரல்லர். ஆனால் அவர் வருணிப்பது டெல்லிச் சுல்தான் முகமது பின் துக்ளக்கின் தபாலை. மைலுக்கு மூன்று சாவடி. ஒவ்வொன்றிலும் இடுப்பை வரிந்து கட்டிய ஆட்கள். ஓடி வருபவன் ஒரு கையில் கடிதமும் மறு கையில் செப்பு மணிகள் கோத்த கோலும் வைத்திருப்பான். மணிச் சத்தம் கேட்டதுமே அடுத்த சாவடிக்காரன் எழுந்து தயாராகிவிடுவான். வந்தவன் நின்று மூச்சு வாங்கும் முன்பே கடிதம் கைமாறிப் பறந்துவிடும். இந்தக் கால் தபால், குதிரைத் தபாலைவிட வேகமானது என்கிறார் இபின் பதூதா. குதிரையைவிட மனிதன் வேகமா என்று தோன்றும். குதிரைச் சாவடிகள் தூரத்துக்கொன்று, கால் சாவடிகள் நெருக்கமானவை. தனியாளின் வேகத்தைவிடக் கைமாற்றத்தின் ஒழுங்கு முக்கியம் என்று அந்தப் பயணி கண்டுகொண்டார். இதில் இரண்டு விவரங்களை நினைவில் வைக்க வேண்டும். ஆள் வருமுன் மணி வருவது ஒன்று, சாவடிகளின் இடைவெளி மற்றொன்று. இரண்டும் நரம்புக்குள் அப்படியே மறுபடி எதிர்ப்படும்.

நரம்புச் சேதிக்கு வேகம் உண்டு என்பதே 1850 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அக்காலத்தின் பெரிய உடலியல் ஆசான் ஜெர்மனியின் யோகான்னஸ் முல்லர், அதை அளக்கவே முடியாது என்று எழுதியிருந்தார். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கோனிக்ஸ்பெர்க் நகரில் ஒரு தவளைக் காலின் நரம்பை எடுத்துக்கொண்டார். தசைக்கு அருகில் ஒரு முறையும் தள்ளி ஒரு முறையும் தூண்டி, தசை சுருங்க ஆன நேரங்களின் வித்தியாசத்தைக் கணக்கிட்டார். கிடைத்தது விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர், அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மதுக்கரை தாண்டி வாளையாறு நோக்கிப் போகும் இன்றைய விரைவு ரயிலின் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். நினைத்த மாத்திரத்தில் விரல் அசைகிறது என்று நம்பியிருந்த உலகத்துக்கு இது ஏமாற்றம். கம்பியில் மின்சாரம் பாயும் வேகத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். இவ்வளவு மந்தமான ஒன்று எப்படிக் கம்பி மின்சாரமாக இருக்க முடியும் என்ற ஐயம் அப்போதே வலுத்திருக்க வேண்டும். ஆனால் ஐரோப்பாவெங்கும் தந்திக் கம்பங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஹெல்ம்ஹோல்ட்ஸே பிற்பாடு நரம்புகளைத் தந்திக் கம்பிகளோடு ஒப்பிட்டார். கம்பி ஒன்றுதான், கடைசியில் மணி கட்டினால் மணி அடிக்கும், எழுத்துக் கருவி வைத்தால் எழுதும், நரம்பும் அப்படியே என்றார். அந்த உவமை ஒரு பாதி உண்மையைச் சொன்னது. எல்லா நரம்பிலும் ஓடுவது ஒரே மாதிரியான சேதி, அது கண்ணுக்கா காதுக்கா என்பது போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தது. மறு பாதியான ‘எப்படிப் போகிறது’ என்பதைத்தான் அது மறைத்துவிட்டது.

தந்திக் கம்பியே அப்படியொன்றும் சுலபமாகச் சேதி கடத்தவில்லை என்பதை அந்தக் காலத்து ஆட்கள் நொந்து அறிந்திருந்தார்கள். கடலடியில் கிடக்கும் நீண்ட கம்பியில் குறி மழுங்கும், தாமதிக்கும், கசியும். கம்பியின் நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்காகும் என்று 1855இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, கணக்குப் போட்டுச் சொன்னார். 1858இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட முதல் கம்பி வழியே விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேரப் 16 மணி நேரமாயிற்று. சில வாரங்களில் கம்பி செத்தும் போனது. அதே கணக்கை நரம்புக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். நரம்பிழைக்குள் இருப்பது செம்பு இல்லை, உப்புக் கரைசல். அதைச் சுற்றிய சவ்வோ கசியும் சவ்வு. கேம்பிரிட்ஜின் ஆலன் ஹாட்ஜ்கின் ஒரு கணக்குச் சொன்னார். மிக மெல்லிய நரம்பிழையின் ஒரு மீட்டர் நீளம் மின்சாரத்துக்குத் தரும் தடை, பூமிக்கும் சனிக்கோளுக்கும் உள்ள தூரத்தைப்போலப் பத்து மடங்கு நீளமான செம்புக் கம்பி தரும் தடைக்குச் சமம். வெறும் கம்பியாக மட்டும் இருந்தால் அந்த இழையில் கொடுத்த குறி சில மில்லிமீட்டருக்குள் கரைந்துபோகும். காலிலிருந்து முதுகுத்தண்டு வரை ஒரு மீட்டர். தந்தியாக நரம்பு ஒருக்காலும் வேலை செய்ய முடியாது.

ஆனாலும் வேலை செய்கிறதே, எப்படி? விடைக்கான முதல் அடி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் விழுந்தது. கீத் லூகாசும் அவர் மாணவர் எட்கர் ஏட்ரியனும் நரம்பின் ஒரு துண்டை மட்டும் மதுவாவியால் மயக்கி, சேதி அதைக் கடக்கிறதா என்று பார்த்தார்கள். மயங்கிய இடத்தில் தளர்ந்த சேதி, தாண்டி நல்ல நரம்புக்கு வந்ததும் பழைய முழு அளவுக்கு மீண்டுவிடுகிறது என்று 1912இல் ஏட்ரியன் முடிவு சொன்னார். கம்பியில் இது நடக்காது. பாதி வழியில் பாதியான மின்சாரம் பிறகு தானாக முழுதாவதில்லை. களைத்த ஓட்டக்காரன் தட்டுத் தடுமாறிச் சாவடியைத் தொட்டுவிட்டான், அடுத்தவன் முழு வேகத்தில் கிளம்பிவிட்டான் என்றால்தான் இது விளங்கும். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஏட்ரியனின் பரிசோதனையில் ஓட்டை இருந்தது. ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்துக் கெனிச்சி கத்தோ 1920களில் அதை மறுத்தார். மயங்கிய பகுதிக்குள்ளும் சேதி வழிநெடுகத் தேய்வதில்லை, தாழ்ந்த ஒரு மட்டத்தில் நிலையாகவே ஓடுகிறது என்று காட்டினார். பார்த்தால் ஏட்ரியனின் சான்று விழுந்துவிட்டது போலிருக்கிறது. உண்மையில் அஞ்சல் என்ற கருத்து இதனால் இன்னும் இறுகியது. கஞ்சி குடியாத ஆட்களை நிறுத்தினாலும் ஒவ்வொருவனும் தன் பங்கு தூரத்தைத் தன் சொந்தத் தெம்பில்தான் ஓடுகிறான், முன்னவனின் மிச்சத்தில் ஓடவில்லை என்று ஆயிற்று.

அடுத்தது மணிச் சத்தம். 1937இல் ஹாட்ஜ்கின் தவளை நரம்பின் ஓரிடத்தைக் குளிரவைத்து வழியை அடைத்தார். சேதி அந்த இடத்தில் நின்றுபோனது. ஆனால் அடைப்புக்கு அப்பால் சில மில்லிமீட்டர் தூரத்துக்கு நரம்பு இலேசாக மின்னூட்டம் மாறி, சிறு தூண்டலுக்கும் கிளம்பும் நிலைக்கு வந்திருந்தது. ஆள் வரவில்லை, மணி மட்டும் காதில் விழுந்திருக்கிறது. சேதி நிற்கும் இடத்திலிருந்து முன்னால் சிறிது தூரம் மின்சாரம் கசிகிறது, அந்தக் கசிவே அடுத்த இடத்தை உசுப்புகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. கம்பி இயலில் கேடாக எண்ணப்பட்ட அந்தக் கசிவுதான் நரம்பில் மணி. இபின் பதூதா கண்ட செப்பு மணிக்கு இதைவிட நெருக்கமான இணை கிடையாது.

உசுப்பப்பட்ட இடத்தில் என்ன நடக்கிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் கண்டுபிடித்து 1952இல் கணக்கோடு எழுதினார்கள். (நம் கணவாய்க்கும் அந்த மீனுக்கும் பேர்ப் பொருத்தம் தவிர வேறு உறவில்லை.) ஓய்வில் இருக்கும் நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். வெளியே சோடியம் மிகுதி, அது சோற்றுப்பில் இருப்பது. உள்ளே பொட்டாசியம் மிகுதி, அது அடுப்புச் சாம்பலிலும் இளநீரிலும் இருப்பது. மணி கேட்டதும் சவ்விலுள்ள சோடியக் கதவுகள் திறக்கின்றன, சோடியம் உள்ளே பாய்கிறது, தாழ்ந்திருந்த உட்புறம் ஒரு கணம் மேலேறிவிடுகிறது. உடனே அந்தக் கதவுகள் அடைத்துக்கொள்ள, பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. எல்லாம் ஓரிரு மில்லி விநாடிக்குள். அடைத்த கதவு சற்று நேரம் மறுபடி திறக்காது. ஓடி முடித்தவன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான், பின்பக்கமிருந்து மணி கேட்டாலும் எழமாட்டான். சேதி முன்னோக்கியே போவதும் திரும்பி வராததும் இதனால்தான். நடுவில் தூண்டினால் இரண்டு பக்கமும் ஓடும் என்பதையும் பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள். அப்போது இரு பக்கமும் ஓய்ந்த ஆட்கள் இல்லை, அவ்வளவுதான். இந்த வேலைக்கு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் ஜான் எக்லிசோடு 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சாவடிகளின் கதைதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. நம் உடம்பின் வேகமான நரம்பிழைகளைக் கொழுப்பு உறை ஒன்று சுற்றியிருக்கிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றாக அந்த உறையில் இடைவெளி விட்டிருக்கும். பிரான்சின் லூயி ரான்வியே 1870களில் இந்த இடைவெளிகளைக் கண்டு எழுதினார். எதற்காக என்பது விளங்கவில்லை. கத்தோவின் ஆய்வகத்தில் ஒற்றை நரம்பிழையைப் பிரித்தெடுக்கும் கைத்திறன் வளர்ந்திருந்தது. அங்கே வேலை செய்த இச்சிஜி தசாகி 1939 வாக்கில் விடையை எட்டினார். சேதி உறையின் மேல் தொடர்ந்து ஊர்வதில்லை, ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. 1949இல் ஹக்ஸ்லியும் ராபர்ட் ஸ்டாம்ஃபிளியும் அதை மேலும் உறுதிப்படுத்தினார்கள். உறையுள்ள இடம் வெறும் சாலை, இடைவெளிதான் சாவடி. இதன் ஆதாயம் பெரிது. அரை மில்லிமீட்டர் பருமனுள்ள கணவாய் மீனின் உறையில்லாத இழையும், அதில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கே பருமனுள்ள தவளையின் உறையுள்ள இழையும் ஒரே வேகத்தில், விநாடிக்கு 25 மீட்டர் அளவில், சேதி கொண்டுபோகின்றன. சாவடி வைக்கத் தெரியாத உயிர் வேகத்துக்காக இழையைத் தடிக்கவைக்க வேண்டியிருந்தது. நம்மைப் போன்றவை சாவடி வைத்துச் சிக்கனமாக முடித்துக்கொண்டன. மனித உடம்பின் வேகமான இழைகளில் விநாடிக்கு நூறு மீட்டரையும் தாண்டுகிறது. சாவடி மிக நெருங்கினால் கைமாற்றத்திலேயே நேரம் போகும், மிக விலகினால் மணி கேட்காது. துக்ளக்கின் அதிகாரிகள் மைலுக்கு மூன்று என்று முடிவு செய்த அதே சிக்கலை உடம்பும் தீர்த்திருக்கிறது.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. முதல் மறுப்பு, தந்தியிலும்தான் இடையில் வலுவூட்டினார்களே என்பது. உண்மைதான். நீண்ட வழியில் குறி தேயும்போது, தேய்ந்த குறி ஒரு சிறு காந்தக் கருவியைத் தட்ட, அது புது மின்கலத்தின் முழு மின்சாரத்தை அடுத்த கம்பிக்குத் திறந்துவிடும். பல இடங்களில் ஆளே உட்கார்ந்து கேட்டு மறுபடி தட்டி அனுப்பினான். ஆனால் அந்தக் கருவிக்கு என்ன பேர் வைத்தார்கள் என்று பாருங்கள். ‘ரிலே’. வழியில் களைத்த குதிரையை விட்டுப் புதுக் குதிரை பூட்டும் பழைய வழக்கத்துக்கான சொல் அது. கம்பி தன்னால் முடியாததை அஞ்சலிடம் கடன் வாங்கிக்கொண்டது என்பதுதான் இதிலிருந்து பெறும் பொருள். இந்த மறுப்பு என் பக்கமே சாய்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. நரம்பில் ஓடுவது மின்சாரம்தானே, கெல்வினின் கடற்கம்பிக் கணக்கையே ஹாட்ஜ்கினும் அவரோடு ஆய்ந்த ரஷ்டனும் 1946இல் நரம்புக்குப் பயன்படுத்தினார்களே, பிறகு தந்தியை எப்படித் தள்ளுவது? தள்ள முடியாது, தள்ளவும் கூடாது. சாவடிக்கும் சாவடிக்கும் இடையில் நடப்பது சுத்தமான கம்பி வேலை. மணிச் சத்தம் காற்றில் பரவுவதற்கு யாரும் ஓட வேண்டியதில்லையே, அது போல. நரம்பணுவின் கிளைகளில் சிறு குறிகள் தேய்ந்து தேய்ந்து அந்த அணுவின் உடலுக்கு வந்து சேருவதையும் இதே கம்பிக் கணக்கு விளக்குகிறது. ஆகவே சிறு தூரத்துக்குத் தந்தி, நெடுந்தூரத்துக்கு அஞ்சல். கணவாயிலும் அப்படித்தான். கூப்பிடு தூரத்துக்குக் குரல் போதும், பாலக்காட்டுக்கு ஆள்தான் போக வேண்டும்.

மூன்றாவது மறுப்பை நானே எழுப்புகிறேன், ஏனென்றால் உவமை உண்மையிலேயே உடையும் இடம் அது. ஓட்டக்காரன் கையில் கடிதம் இருக்கிறது, அது மதுக்கரையிலிருந்து கொச்சி வரை அதே கடிதமாகப் பயணம் செய்கிறது. நரம்பில் அப்படி எதுவும் முனைக்கு முனை பயணம் செய்வதில்லை. காலில் உள்ளே நுழைந்த சோடியம் காலிலேயே கிடக்கிறது. சவ்வின் குறுக்கே உள்ளும் வெளியுமாகத் துகள்கள் நகர்கின்றன, நெடுக ஓடுவது அந்த நிகழ்ச்சி மட்டும். ஆக இது கடிதமில்லாத அஞ்சல். ஒவ்வொருவனும் மணி கேட்டதும் எழுந்து தன் மணியை ஆட்டிக்கொண்டு ஓடுகிறான், கையில் ஒன்றுமில்லை. அப்படியானால் சேதி எங்கே இருக்கிறது? 1926இல் ஏட்ரியன் அதற்கும் விடை கண்டார். ஒவ்வொரு துடிப்பும் ஒரே அளவு. தசையை மெதுவாக இழுத்தால் விநாடிக்குச் சில துடிப்புகள், பலமாக இழுத்தால் பல துடிப்புகள். எத்தனை ஆள் எவ்வளவு நெருக்கமாக ஓடி வருகிறார்கள் என்பதுதான் கடிதம். கீத் லூகாசும் ஏட்ரியனும் நரம்புச் சேதியை வெடிமருந்துப் பொடி வரிசையில் பற்றிப் போகும் நெருப்போடு ஒப்பிட்டதுண்டு. வழியிலேயே சக்தி இருக்கிறது என்ற மட்டில் சரி. ஆனால் எரிந்த மருந்து எரிந்ததுதான். ஓட்டக்காரனோ சாவடிக்குத் திரும்பி அடுத்த மணிக்குக் காத்திருக்கிறான்.

நரம்பிழையின் கடைசி முனையில் கைமாற்றம் வேறு வகையாகிறது. மின்சாரத் துடிப்பு அங்கே வந்ததும் கால்சியம் உள்ளே நுழைகிறது. அதன் தூண்டலில் சிறு பைகளில் அடைத்த வேதிப்பொருள் வெளியே கொட்டித் தசையையோ அடுத்த நரம்பணுவையோ எழுப்புகிறது. இதைப் பெர்னார்ட் காட்ஸும் ரிக்கார்டோ மிலேதியும் 1960களில் நிறுவினார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டி 1930களிலிருந்து சிமென்ட் செய்துவரும் மதுக்கரைக்குக் கால்சியம் புதிய சரக்கல்ல. அந்த மலையில் டன் கணக்கில் கிடப்பதில் ஒரு துளி இல்லாவிட்டால் கை சம்மட்டியைத் தூக்காது.

தந்தியா அஞ்சலா என்பது வெறும் சொல்லாராய்ச்சி என்று நினைப்பவர்கள் ஒரு நரம்பு மருத்துவரின் பரிசோதனை அறையைப் பார்க்கலாம். சர்க்கரை நோய்க்காரருக்குக் கால் மரத்துப்போனால் அங்கே செய்யும் சோதனை, ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக்குச் செய்ததேதான். இரண்டு இடத்தில் தூண்டு, நேர வித்தியாசம் எடு, தூரத்தை அதால் வகு. முன்கையில் நல்ல நரம்புக்கு விநாடிக்கு 50, 60 மீட்டர் வரும். மருத்துவர் இரண்டு எண்களைப் பார்க்கிறார். வேகம் மிகவும் குறைந்திருந்தால் உறை கெட்டிருக்கிறது, சாவடியிலிருந்து சாவடிக்கு மணி சரியாகக் கேட்கவில்லை. வேகம் பெரிதாகக் குறையாமல் வந்து சேரும் துடிப்பின் உயரம் மட்டும் குறைந்திருந்தால் இழைகளே செத்திருக்கின்றன, ஓட்டக்காரர் எண்ணிக்கை குறைந்துவிட்டது. முதல் வகை பல சமயம் தேறிவரும், உறை மறுபடி வளரும். இரண்டாவது வகை கடினம். நரம்பு வெறும் கம்பி என்று எண்ணினால் ‘அறுந்ததா, அறவில்லையா’ என்ற ஒரே கேள்விதான் கேட்கத் தோன்றும்.

எல்லா நரம்பிழைக்கும் சாவடி உண்டு என்றும் நினைத்துவிடக் கூடாது. மந்தமான வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளுக்கு உறையே இல்லை. அங்கே ஓட்டக்காரர்கள் இல்லை. கட்டடத்தில் கான்கிரீட் போடும்போது சித்தாள்கள் தோளோடு தோள் நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, அந்த வரிசைதான். ஒவ்வொரு கையும் வாங்கி ஒவ்வொரு கையும் கொடுக்க வேண்டும். வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவு, ஆள் நடக்கும் வேகம். மணிக்கு நான்கைந்து மைல் ஓடிய பழைய தபால்காரர் அதைவிட வேகம். கல்லுடைப்பவரின் கால்விரலில் கல் விழுந்தால் முதலில் சுரீரென்று ஒரு வலி, அது உறையுள்ள இழையில் வருவது. பிறகு ஒரு விநாடிக்கு மேல் இடைவெளி. அதற்குள் கால் இழுத்துக்கொண்டுவிடும், கை போய் விரலைப் பிடித்துவிடும், வாய் ஒரு வசவை முடித்திருக்கும். அப்புறம்தான் சட்டி வரிசையில் கைமாறிக் கைமாறி அந்தக் கடுப்பு வந்து சேர்கிறது.